கவுதாரிக் கொழுப்பு

நான் எதற்கும் பயப்படுகிறவள். இடிக்குப் பயம், கிணற்றுப் படிக்குப் பயம், வாசலில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினால் பயம். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வார். "ஒனக்குப் பயப்பட ஒண்ணும் கெடைக்கலேன்னா, ஏன் கெடைக்கலேன்னு ஒரு பயம் வந்துரும்" என்பார். ஆனால் என் வாழ்நாளிலேயே பெரிய பயம் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு அது தெரியவில்லை. அதை நான் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு வதக்கி, ருசித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலுப்பூருக்கு மேற்கே, மழையை நம்பிக் கடலை போடும் ஒரு செம்மண் ஊரில் அவர் கிராம சேவக். பிளாக் ஆபீசிலிருந்து வரும் விதை, உரம், பூச்சி மருந்து எல்லாவற்றையும் ஊராரிடம் கொண்டுசேர்ப்பது அவர் வேலை. மருந்து மூட்டைகளை வைக்க ஊரில் இடமில்லை. சாவடி ஒழுகியது. அதனால் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையிலேயே அடுக்கிவிட்டார். பி.எச்.சி. என்று மூட்டையில் எழுதியிருக்கும். ஊரில் அதற்குப் பவுடர் என்றுதான் பெயர். பூசணம் பிடித்த சாக்கு மாதிரி ஒரு நாற்றம். சோற்றில் அடிக்கும், சேலையில் அடிக்கும், தண்ணீர்ப் பானையைத் திறந்தால் அதிலும் அடிக்கும். நான் மூக்கைச் சுளித்தால், "கவர்மெண்ட் வாசம், பழகிக்க" என்பார்.

அந்த வருஷம் ஆடியில் நல்ல மழை. கடலை நன்றாக முளைத்தது, கூடவே கம்பளிப்புழுவும் கிளம்பியது. அதைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. பழுப்பு மயிரோடு ஆயிரக்கணக்கில் வரப்பைத் தாண்டி ஊர்ந்து வரும். ஒரு பக்கமாக ஆரம்பித்தால் மறுபக்கம் போய்ச் சேரும்போது வயலில் காம்பு மட்டும்தான் நிற்கும். முன்பெல்லாம் வயலைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, விழுந்த புழுவை மண்போட்டு மூடுவார்கள். இந்த முறை பவுடர் வந்துவிட்டது. பழைய கோணிச்சாக்கில் பவுடரைக் கட்டி, காலைப்பனி காயும் முன் செடிக்கு மேலே பிடித்து உலுக்கிக்கொண்டே நடந்தார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லி இவர் தொண்டை வற்றக் கத்துவார். துண்டு அவரவர் தலையில்தான் இருக்கும். வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

புழு செத்தது. ஊரே இவரைக் கொண்டாடியது. மிச்சப் பவுடரை ஆளுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார்கள். கோழிச் செல்லுப்பூச்சிக்கு, கட்டில் மூட்டைப்பூச்சிக்கு, பெண்பிள்ளைகளின் தலைப்பேனுக்கு என்று எல்லாவற்றுக்கும் அது ஆயிற்று. இவரும் இல்லை என்று சொல்லாமல் கொடுத்தார். பிறரிடம் நல்ல பெயர் வாங்குவதென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அப்போது எனக்கு நிறைமாதம். கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்காமல், கோயில் குளமெல்லாம் சுற்றி, ஊரார் வாயில் விழுந்து எழுந்த பிறகு உண்டான பிள்ளை. ஆவணியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ஒரு கைப்பிடிதான் இருந்தாள். எனக்குப் பாலும் சரியாகச் சுரக்கவில்லை. அவள் வாய்வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி அழுவாள். இவளைக் காப்பாற்றிவிடுவேனா என்பது ஒன்றுதான் அந்த நாட்களில் என் மனசில் ஓடியது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கவுதாரி வரவேண்டும். தின்றால் பால் ஊறும் என்பார்கள். அதில் ஒரு முறை உண்டு. கறியை வீட்டில் யார் வேண்டுமானாலும் தின்னலாம். ஆனால் தோலுக்கடியில் மஞ்சளாகத் திரண்டிருக்கும் கொழுப்பைப் பெற்றவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. அதைத் தனியாக உரித்தெடுத்து, சட்டியில் உருக்கி, மிளகும் பூண்டும் சேர்த்துச் சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்து கொடுப்பார்கள். என்னைப் பெற்றவள் நான் பாவாடை கட்டிய நாளிலேயே போய்விட்டாள். அப்பாவும் இல்லை. பிறந்த வீடு என்றால் எனக்கு அண்ணன் ஒருவர்தான். தாய் செய்யவேண்டியதை எல்லாம் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்.

அண்ணன் கண்ணி வைப்பதில் கெட்டிக்காரர். ஆனால் கவுதாரி லேசில் சிக்குகிற பறவை இல்லை. ஒரு நாள் முழுக்கக் காட்டில் கிடந்தாலும் வெறுங்கையோடு வருவார். அந்த வருஷமோ வாரம் தவறாமல் வந்தார். சைக்கிள் ஹேண்டிலில் தொங்கும் பை கனமாக இருக்கும்.

"ஏத்தா, இந்த வருசம் கவுதாரிக்கு என்னமோ ஆயிப்போச்சு. கண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். கடலைக் கொல்லைக்குள்ள போனா பறக்காம நிக்குது. கையால அள்ளிக்கிட்டு வாரேன்" என்றார். பிறகு தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "எல்லாம் எம் மருமக வந்த ராசி" என்றார்.

எங்களுக்கு அது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது. பறக்கத் தெரிந்த பறவை ஏன் பறக்கவில்லை என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் கொழுப்புச் சோற்றைச் சட்டியோடு வழித்துத் தின்றேன். பாலும் ஊறியது. பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டு, வாயோரம் வழிய வழியத் தூங்கினாள். கன்னம் உப்பியது. இவர் கறியைத் தின்றுவிட்டு, கொழுப்பு தனக்கில்லையா என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். "நீங்களும் ஒண்ணு பெத்துப்போடுங்க, தாரேன்" என்பேன். அப்படி ஒரு சந்தோஷம் எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

அண்ணன் எப்போதும் உரித்துச் சுத்தம்செய்துதான் கொண்டுவருவார். ஐப்பசியில் ஒருநாள் அவசரமாக எங்கோ போகவேண்டியிருந்ததால், காலைக் கட்டி உயிரோடு கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைக் கூடையால் கவிழ்த்து மூடினேன். உள்ளே படபடவென்று சத்தம். கூடையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தேன். கவுதாரி ஒருக்களித்துக் கிடந்தது. தலை பின்பக்கமாக வளைந்து முதுகைத் தொட்டது. அலகு திறந்து திறந்து மூடியது. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம், நிற்கும், மறுபடி வரும். பயந்த பறவையை எனக்குத் தெரியும். அது அசையாமல் கிடக்கும். இது பயம் இல்லை. நான் கூடையைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அன்று சமைக்கவில்லை. சாயங்காலம் அது தானாகச் செத்திருந்தது. கொல்லையில் புதைத்துவிட்டு, இவரிடம் பூனை தூக்கிப்போய்விட்டதாகச் சொன்னேன். சொன்னால் சிரிப்பார்.

அதற்கு அடுத்த சில நாட்களில்தான் நரியைப் பார்த்தேன். பட்டப்பகல். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், கடலைக் கொல்லை வரப்பில் அது நடந்து வந்தது. நரி பகலில் ஆள் கண்ணில் படாது. ஊளையைத்தான் கேட்டிருக்கிறேன். இது என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. பின்னங்கால் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து போயிற்று. பிறகு பக்கவாட்டில் விழுந்தது. விழுந்தபடியே நான்கு காலும் ஓடின. தலை பின்னால் வளைந்தது, வாய் திறந்து திறந்து மூடியது.

அந்த வளைவை நான் முன்பே பார்த்திருந்தேன். கூடைக்குள் பார்த்திருந்தேன். பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டேன்.

எதிர்வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்து ஓடிவந்தாள். ஆடு வளர்த்துப் பிழைக்கிறவள், தனியாள், எனக்கு ஒத்தாசையாக இருந்தவள். அவள் நரியை எட்டிப் பார்த்துவிட்டு, "நரி மொகத்துல முழிச்சிருக்க. ஒம் பிள்ளைக்கு யோகந்தான் போ" என்றாள். வெறி பிடித்த நரி என்று சொல்லி ஆம்பிளைகள் தடியோடு வந்தார்கள். அதற்குள் அது அடங்கிவிட்டது. கண்மாய்க் கரையில் இழுத்துப் போட்டார்கள். இரண்டு நாள் பருந்துகள் அதன்மேல் இறங்கி ஏறின. பிறகு கருவேலமரத்தடியில் ஒரு பருந்து தரையில் உட்கார்ந்திருந்தது. நான் கல்லை எடுத்து எறிந்தேன். திரும்பிப் பார்த்தது, எழவில்லை.

புழு, கவுதாரி, நரி, பருந்து. நான் படித்தவள் இல்லை, எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இந்த வரிசையில் கவுதாரிக்குப் பிறகு நரிக்குப் பக்கத்தில் நானும் நிற்கிறேன் என்று கணக்குப் போட எட்டாவதே போதும்.

அன்றிலிருந்து பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கத்தில் அவள் திடுக்கென்று இரண்டு கையையும் விரிப்பாள். விரல் நடுங்கும். "பச்சப்பிள்ளைக எல்லாம் அப்படித்தான் திடுக்கிடும், சாமி வந்து வெளையாடுது" என்றாள் அக்கா. இருக்கலாம். எனக்கு முன்னே பிள்ளை வளர்த்த அனுபவம் இல்லை. எந்த நடுக்கம் சாமி தருவது, எந்த நடுக்கம் நான் தருவது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் வாய்வைத்துக் குடிக்கும்போதெல்லாம் கழுத்து பின்னால் வளைகிறதா என்று பார்ப்பேன். என் கை அவள் பிடரியைத் தாங்கியபடியே மரத்துப்போகும்.

இவரிடம் சொன்னேன். நினைத்தபடியே சிரித்தார். "கடலைச்செடிக்குத் தூவுனதுக்கும் நரிக்கும் என்ன சம்பந்தம்? மனுசருக்கும் மாட்டுக்கும் கெடுதல் இல்லேன்னு அச்சடிச்சே குடுத்திருக்காங்க" என்றார். அச்சில் வந்ததை அவர் வேதம் மாதிரி நம்புவார்.

அந்த மாதக் கடைசியில் திருச்சிப் பக்கம் ஏதோ ட்ரெயினிங் என்று போய்விட்டு வந்தார். வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டே அங்கே கேட்ட கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். டிராக்டர் ஓட்டிப் பார்த்தாராம். ஹாஸ்டலில் சப்பாத்தி போட்டார்களாம். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு சொன்னாங்க பாரு, ஆச்சரியமா இருந்துச்சு. கறவை மாட்டுக்கு மட்டும் இந்தப் பவுடரப் பூசக்கூடாதாம். ஒடம்புக் கொழுப்புல போய்த் தங்கிரும், சாமானியத்துல போகாதாம். அப்பறம் பால்ல வந்துருமாம்."

கரண்டி என் கையிலேயே நின்றது.

"மாட்டுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். கை நின்றது. தொட்டில் பக்கம் பார்த்தார், பிறகு என் மாரைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அப்போதுதான்.

"மனுசருக்குன்னு ஒண்ணும் சொல்லல" என்றார். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோய், முன்னறை மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் தூக்கி ஒழுகுகிற சாவடியில் கொண்டுபோய்ப் போட்டார். நான் தரையைச் சாணிபோட்டு மெழுகினேன். நாற்றம் போகவில்லை.

அவசரமாகப் போனதிலிருந்து வராதிருந்த அண்ணன் மறுவாரம் வந்தார். கையில் உயிரோடு ஒரு கவுதாரி. நான் வாங்கிக்கொள்ளவில்லை. பிறந்த வீட்டுச் சீரை வேண்டாம் என்பது எங்கள் ஊரில் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அண்ணன் என்னையே பார்த்தார். நான் பறவை பட்ட பாட்டையும் நரி செத்ததையும், மாட்டுப்பாலைப் பற்றி இவர் கேட்டுவந்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப நான் ஒனக்கு இம்புட்டு நாளா வெசத்தயா கொண்டாந்து குடுத்தேன்?"

"நீங்க என்னண்ணே செய்வீங்க. யாருக்குத் தெரியும்."

அவர் கவுதாரியின் கால்கட்டை அவிழ்த்து வாசலில் விட்டார். அது பறந்துவிடும், பறந்துவிட்டால் நான் சொல்வது பொய்யாகிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். அது இடப்பக்கமாகவே வட்டம் சுற்றி நடந்தது. வாசல் கோலத்தை மிதித்துச் சுற்றியது. பிறகு உட்கார்ந்துவிட்டது. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனதைப் பார்த்து அன்று நான் அழுதேன்.

அன்றே பாலை மறக்கடிக்கத் தீர்மானித்தேன். வேப்பிலையை அரைத்து மார்க்காம்பில் பூசினேன். ஓடியாடும் பிள்ளைகளுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். என் மகள் தலைகூட நிற்காதவள். வாயை வைத்தாள், முகம் கோணியது, என்னை ஏறிட்டுப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். பிறகு வீரிட்டு அழுதாள். நானும் கூட அழுதேன். மார் கட்டிக்கொண்டு கல்லாயிற்று, காய்ச்சல் வந்தது. பீய்ச்சிச் சுவரோரம் ஊற்றினேன். அந்த இடத்தில் எறும்பு வருகிறதா, வந்தால் சாகிறதா என்று குனிந்து பார்த்தேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று இவர் நினைத்தார்.

எதிர்வீட்டு அக்கா ஆட்டுப்பால் கறந்து கொடுத்தாள். தண்ணீர் விட்டுக் காய்ச்சி, சங்கில் ஊற்றிப் புகட்டினேன். முதலில் துப்பினாள். பிறகு பசியில் குடித்தாள். குடித்துவிட்டுத் தூங்கினாள். நான் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக உட்கார்ந்தேன். என்னைவிட்டு விலகியதால் பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் எவ்வளவு வலி இருந்ததோ அவ்வளவு ஆறுதலும் இருந்தது.

சில நாள் அப்படிப் போயிற்று. ஒரு காலையில் நானே சொம்பை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ஆட்டின் பக்கத்தில் குத்தவைத்துக் கறந்துகொண்டிருந்தாள். ஆட்டின் முதுகு பளபளவென்று சுத்தமாக இருந்தது. காதோரம்கூட ஒரு உண்ணி இல்லை. ஊரில் மற்ற ஆடெல்லாம் சொறிந்துகொண்டு திரியும். பேச்சுக்காகத்தான் கேட்டேன்.

"எப்படிக்கா இது மட்டும் இம்புட்டுச் சுத்தமா இருக்கு?"

"எல்லாம் ஒங்க வீட்டுக்காரரு புண்ணியம். ஆடிமாசத்துல ஒரு டப்பா நெறையக் குடுத்தாரு. வாரத்துக்கு ஒருக்கா முதுகுல, மடியில எல்லாம் நல்லாத் தேச்சு விட்டுருவேன். உண்ணி அண்டாது" என்றாள். சொல்லிவிட்டு, "பிள்ளை குடிக்கிற பாலு, சுத்தமா இருக்கணும்ல" என்றாள்.

சொம்பில் பால் நுரைத்தது. நான் குனிந்து மோந்தேன். பால் வாசம்தான் அடித்தது. என் மூக்குக்கு அந்த நாற்றம் பழகிப்போய்விட்டதா, அல்லது உண்மையிலேயே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் ஆசையாகச் செய்தது. சொம்பை வாங்கிக்கொண்டு வந்து கொல்லையில் கொட்டினேன். பசும்பால் வாங்கலாமா என்று யோசித்தேன். ஊரில் எல்லா மாடும் அந்தக் கடலைக்கொடியைத்தான் தின்றது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த டப்பா இருக்கும். எல்லாம் எங்கள் முன்னறையிலிருந்து போனதுதான்.

தொட்டிலில் பிள்ளை முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்த அழுகையை நிறுத்த என்னிடம் இருந்தது எதுவும் சுத்தமானது இல்லை. அந்த நிமிஷத்தில் இருந்த பயத்தை எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நடுக்காட்டில் நிற்கிற பயம் அல்ல. என் வீட்டில், என் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற பயம்.

வெந்நீர் வைத்து, துணியை நனைத்து, மாரில் காய்ந்திருந்த வேப்பிலையைத் துடைத்தேன். கசப்பு போகும்வரை துடைத்தேன். தோல் எரிந்தது. பிறகு அவளை எடுத்து மடியில் போட்டேன். முதலில் நம்பாமல் முகத்தைத் திருப்பினாள். பிறகு வாயை வைத்தாள்.

அவள் பிழைத்தாள். வளர்ந்தாள், டீச்சராக வேலை பார்த்தாள், பிள்ளைகளும் பெற்றாள். ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவளுக்குப் பின்னால் எனக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள். பல வருஷம் கழித்து ஒரு வாரப்பத்திரிகையில் படித்தேன். அந்த மாதிரி விஷம் உடம்புக் கொழுப்பில் வருஷக்கணக்கில் தங்குமாம், வெளியே போக அதற்கு வழி மிகக் குறைவாம். தாய்க்கு மட்டும் ஒரு பெரிய வழி உண்டாம், பால். அதனால் முதல் பிள்ளைக்குத்தான் அதிகம் போகுமாம். அடுத்தடுத்த பிள்ளைகள் குடிப்பதற்குள் தாயின் உடம்பில் அது குறைந்திருக்குமாம். பத்திரிகையை மடித்து வைத்தேன்.

அன்று அவள் பசி தாளாமல் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். நான் அவள் பிடரியைத் தாங்கிக்கொண்டு, நடுங்குகிறாளா என்று பார்த்தேன். நடுங்கவில்லை. கட்டியிருந்த மார் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. காய்ச்சல் விட்டது. பால் கொடுத்து முடிக்கும்போது உடம்பு லேசாகும் என்று பெற்றவளுக்கெல்லாம் தெரியும். எனக்கும் லேசாக இருந்தது.